செலவு மட்டும் என்று சொன்னார்கள்

போன மாதம் எங்கள் பழைய ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. பூப்போட்ட சட்டத்துக்குள் ஒரு கைக்குழந்தை. கீழே இப்படி எழுதியிருந்தது: "பிறக்கப் போகும் குழந்தைக்கு நல்ல பெற்றோர் தேவை. பணம் எதுவும் வேண்டாம். தாயின் பிரசவச் செலவை மட்டும் ஏற்றுக்கொண்டால் போதும்." அதற்குக் கீழே ஒரு கைபேசி எண். அனுப்பியவள் எங்களோடு லேபில் வேலை பார்த்த பிள்ளை. நல்லவள். யாருக்காவது உதவட்டும் என்றுதான் அனுப்பியிருப்பாள். நான் பார்ப்பதற்குள் நாலைந்து பேர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள்.

"இதை உடனே அழி" என்று எழுதினேன்.

"ஏன் அக்கா? செலவு மட்டும்தானே கேக்காவ, குழந்தைக்கு விலையா கேக்காவ?" என்று பதில் வந்தது.

எனக்கு வந்த கோபத்துக்குக் கைபேசியைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் அவள்மேல் கோபப்பட்டு என்ன பயன்? இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் நானும் ஒரு காலத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். முப்பத்தொரு வருஷம் மருத்துவமனையில் பில் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். செலவு என்ற சொல்லுக்குள் எதையெல்லாம் ஒளித்து வைக்கலாம் என்று எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நாகர்கோவிலில் பி.காம். முடித்த கையோடு மார்த்தாண்டம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தேன். அதன் பெயர் வேண்டாம். முதல் இரண்டு வருஷம் கார்பன் தாள் வைத்துப் பில் எழுதினேன். விரல் நுனி எப்போதும் நீலமாகவே இருக்கும். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. மருந்துக் கணக்கு, லேப் கணக்கு, அறை வாடகை என்று ஒவ்வொரு இடமாக உட்கார்ந்து, கடைசியில் பிரசவப் பிரிவின் கவுண்டருக்கு வந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

எங்கள் கணக்கு மேலாளர் தாணு சார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு நாளும் சத்தம் போட்டுப் பேசியதில்லை. பில்லில் தப்பு இருந்தால் கவுண்டருக்குக் கொண்டுவந்து, தப்பான எண்ணுக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு, நாமே கண்டுபிடிக்கும்வரை பேசாமல் நிற்பார். முன்னால் இருபது பேர் வரிசையில் காத்துக்கிடந்தாலும் அசையமாட்டார். திருத்தியதும், "செரி பிள்ளே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஒருமுறை ஒரு பெரியவரிடம் நான் முப்பது ரூபாய் கூடுதலாக வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் அந்த முப்பது ரூபாயை அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தவர் தாணு சார். அப்படிப்பட்ட நேர்மை. ஆனால் கூட்டல் சரியாக இருந்தால் உலகத்தில் எல்லாமே சரி அவருக்கு. "நாம பாக்கியது பைசா மட்டுந்தான் பிள்ளே. ஆளைப் பாக்கியது டாக்டருக்க வேலை" என்பார்.

எங்கள் ரசீது முறையையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைத் தாள் அசல். பணம் கட்டினவர் கைக்குப் போகும். மஞ்சள் தாள் கோப்பில் இருக்கும். அசல் தொலைந்துவிட்டது என்றோ, வேறு எங்காவது காட்ட வேண்டும் என்றோ கேட்டால், இன்னொரு பிரதி எடுத்து, 'நகல்' என்று சிவப்பு முத்திரை குத்தி, தாணு சார் சுருக்கொப்பம் போட்ட பிறகு கொடுப்போம். ரசீதின் நடுவில் இரண்டு வரிகள் உண்டு. 'பணம் செலுத்தியவர்' என்று ஒன்று. 'நோயாளிக்கு என்ன உறவு' என்று ஒன்று. கூட்ட நேரத்தில் அந்த இரண்டையும் யாரும் நிரப்புவதில்லை. நானும் நிரப்பியதில்லை.

ஜெயாவை எனக்கு வெகுநாளாகத் தெரியும். திற்பரப்புக்குப் போகிற வழியில் வீடு. கணவன் ராஜன் குவைத்தில் பைப் ஃபிட்டர். குழந்தை இல்லாமல் எங்கள் மருத்துவமனையில் ஆறு வருஷம் சிகிச்சை எடுத்தாள். ஒவ்வொரு ஊசிக்கும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் என்னிடம்தான் பணம் கட்டுவாள். கட்டிவிட்டு, "இந்தத் தடவை பிடிக்கும் அக்கா, எனக்கு மனசுல தோணுது" என்பாள். ஒவ்வொரு தடவையும் தோன்றியது. ஒவ்வொரு தடவையும் பிடிக்கவில்லை. ராஜன் குவைத் வேலையை முடித்துக்கொண்டு, கம்பெனி கணக்கு முடித்துக் கொடுத்த சர்வீஸ் பணத்தோடு ஊருக்கு வந்த வருஷம், இனி சிகிச்சை வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு அவள் என் கவுண்டரைக் கடந்து போனாள். கட்ட வேண்டியது ஒன்றும் இல்லாததால் நிற்கவில்லை.

அவளை நான் பார்த்துக்கொண்டிருந்ததுபோல இன்னொருவனும் பார்த்துக்கொண்டிருந்தான். பிபின் என்று பெயர். வெளி லேப் ஒன்றுக்காக ரத்தச் சாம்பிள் எடுத்துப் போக வருவான். சிரித்த முகம். குழந்தைக்காகச் சிகிச்சைக்கு வருகிற பெண்கள் உட்காரும் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டு நிற்பான். யார் எத்தனை வருஷமாக வருகிறார்கள், யாருடைய கணவன் வெளிநாட்டில் இருக்கிறான் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். பிறகு லேப் வேலையை விட்டுவிட்டு, ஏதோ சேவை நடத்துவதாகச் சொல்லிக்கொண்டான்.

ஜெயாவின் வீட்டுக்கு அவன் போனது எனக்கு அப்போது தெரியாது. என்ன பேசினான் என்று பின்னால் ராஜன் சொன்னார்.

"முறைப்படி தத்துக்கு எழுதிப் போட்டா வருஷக்கணக்கா நிக்கணும் அண்ணாச்சி. உங்க ரெண்டு பேருக்க வயசையும் கூட்டிப் பாத்தா, வரிசை வரும்போ நீங்க கைக்குழந்தைக்குத் தகுதி இல்லன்னு சொல்லிருவாவ. வெளிநாட்டுல எல்லாம் இதுதான் முறை. பெத்தவளுக்க ஆஸ்பத்திரிச் செலவு, வாடகை, சாப்பாடு, இதை ஏத்துக்கிட்டா குழந்தை அவுகளுக்கு. இது விலை இல்ல. செலவாக்கும்."

ராஜனுக்கு அது நம்பும்படி இருந்தது. குவைத்தில் அவரோடு வேலை பார்த்த ஒருவரின் சொந்தக்காரர்கள் வெளிநாட்டில் அப்படிச் செலவு கொடுத்துத் தத்து எடுத்ததாக அவரும் கேள்விப்பட்டிருந்தார். அங்கே சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறதாம். பணத்தை வக்கீல் கையில் வைத்துக் கணக்குப் பார்த்துக் கொடுப்பாராம். அப்படிக் கொடுத்தும் பெற்றவள் மனசு மாறினால் பணம் திரும்பி வராதாம். இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் பிபின் சொல்லவில்லை. நம் நாட்டில் அந்த முதல் பகுதியே குற்றம் என்பதையும் சொல்லவில்லை. இங்கே குழந்தையைக் கொடுக்க நினைக்கிற தாய் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் போய்ச் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்த பிறகும் யோசிக்க இரண்டு மாதம் அவளுக்கு உண்டு. அவளுக்கு யாரும் ஒரு பைசா கொடுக்கக் கூடாது. தத்து எடுக்கிறவர்கள் அரசாங்கத்தில் பதிந்து, வரிசையில் நின்று, அங்கீகாரம் பெற்ற நிலையத்துக்கு மட்டும் நிர்ணயித்த கட்டணத்தைக் கட்ட வேண்டும். அவ்வளவுதான் சட்டம். இதை எங்கள் மருத்துவமனைச் சுவரில் ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட எத்தனை ரூபாய் ஆகியிருக்கும்? ஆறு வருஷம் ஜெயாவிடம் பணம் வாங்கிய நாங்கள், இனி முடியாது என்று அனுப்பியபோது இந்த ஒரு பத்தியைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். சொல்லவில்லை.

ஷீபாவைப் பிபின்தான் கூட்டிக்கொண்டு வந்தான். அருமனைப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற இடத்தில் வேலை. வயது இருபத்து மூன்று இருக்கும். விரல்களில் கொட்டையின் பால் பட்ட கறுப்புத் தழும்புகள். கணவன் கேரளத்துக்குக் கொத்தனார் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. ஏற்கெனவே ஒரு பெண் குழந்தை. இப்போது நாலு மாதக் கர்ப்பம். பெயர் பதியும்போது, "யாருக்க பேருல ரசீது போடணும்?" என்று கேட்டேன்.

"பேரு வேண்டாம் அக்கா. வெறுதே விட்டிருங்க. சேவைப் பைசாவாக்கும்" என்றான் பிபின்.

வெறுதே விட்டேன், இரண்டு வரியையும் காலியாக.

இன்றைக்கு நினைத்தாலும் ரத்தம் கொதிக்கிற விஷயம் ஒன்று உண்டு. ஆசாரிப்பள்ளம் அரசுப் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தால் அந்தப் பிரசவத்துக்கு ஒரு பைசா செலவில்லை. கிராமத்து நர்சிடம் பதிந்திருந்தால் அரசாங்கமே உதவிப் பணம் கொடுக்கும். பிபின் ஏன் அவளை எங்களிடம் கொண்டுவந்தான்? அங்கே கூட வருகிறவன் யார், என்ன உறவு என்று கேட்பார்கள். இங்கே பணம் கட்டினால் போதும், கேட்கமாட்டோம். இன்னொன்றும் உண்டு. இலவசமாக நடக்கிற பிரசவத்துக்கு ரசீது கிடைக்காது. ரசீது இல்லாவிட்டால் செலவு இல்லை. செலவு இல்லாவிட்டால் அவனுக்குப் பிழைப்பு இல்லை. இல்லாத செலவை உண்டாக்கத்தான் எங்கள் கவுண்டர் அவனுக்குத் தேவைப்பட்டது.

ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு அவர்கள் வந்த அன்று, எதிர்ப் பெஞ்சில் ஜெயா உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஆச்சரியம். ஷீபா ஸ்கேன் அறைக்குள் இருந்தாள். பிபின் என்னிடம் பணம் கட்டி அசலை வாங்கினான்.

"ஒரு நகலும் வேணும் அக்கா."

"அசல் கையில இருக்கும்போ நகல் எதுக்கு?"

"ஃபைலுக்காக்கும்."

தாணு சாரின் மேஜைக்குப் போய் ஒப்பம் வாங்கி வந்து கொடுத்தேன். அவன் நகலை ஜெயாவிடம் கொடுத்தான். அவள் அதை ஒரு மணிபர்சில் மடித்து வைத்துக்கொண்டு, பையிலிருந்து ஒரு கவரை எடுத்துக் கொடுத்தாள். பிறகு அவன் தூணுக்குப் பின்னால் போய், அசல் ரசீதைச் சுவரில் ஒட்டிப் பிடித்துக் கைபேசியில் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினான். ஜெயாவுக்குத் தெரியவில்லை. கவுண்டர் கண்ணாடி வழியாக எனக்குத் தெரிந்தது.

அந்த மஞ்சள் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு தாணு சாரிடம் போனேன். "சார், இது செரியில்ல. ஒரு பில்லுக்கு ரெண்டு எடத்துல பைசா வாங்குகான் போல இருக்கு. குழந்தைய விலைக்கு விக்கிய கச்சவடம் மாதிரித் தோணுது" என்றேன்.

அவர் தாளை வாங்கினார். பச்சைப் பேனாவால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக் கூட்டினார். "ஸ்கேன், டாக்டர் ஃபீஸ், மருந்து. கூட்டல் செரிதானே பிள்ளே?"

"கூட்டல் செரிதான் சார்."

"வாங்கின பைசாவுக்கு ரசீது குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சு."

"பின்ன நமக்கு என்ன?"

நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். என் மகள் அப்போது நர்சிங் கல்லூரியில் மூன்றாம் வருஷம். கட்டணம் பாதி பாக்கி. வேலை போய்விடுமோ என்ற பயம். இதெல்லாம் காரணம்தான், ஆனால் காரணம் சொன்னால் குற்றம் கரைந்துவிடாது. பெஞ்சில் ஜெயா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு ஜெயா ஒவ்வொரு மாதமும் வந்தாள். ஷீபாவோடு பேசக் கூடாது என்று பிபின் சொல்லியிருந்தான். பேசினால் அந்தப் பிள்ளை பயந்து ஓடிவிடுவாளாம். அதனால் தள்ளி உட்கார்ந்து ஷீபாவின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு மாதமும் அவன் ஒரு புதுச் செலவு சொன்னான். ஷீபாவின் வீட்டு வாடகை. மூத்த பிள்ளையின் பள்ளிக்கூடப் பணம். மகளிர் குழுக் கடன். பழம், பால், புரதப் பொடி. ஷீபாவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது என்று ஒரு மாதம். ரத்தம் ஏற்ற வேண்டும் என்று ஒரு மாதம். ராஜனின் சர்வீஸ் பணம் கரைந்தது. ஜெயாவின் வளையல்கள் போயின. கடைசியில் வீட்டுக்குப் பின்னால் நின்ற ரப்பர் மரங்களைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு விட்டு முன்பணம் வாங்கினார்கள். எதையும் நிறுத்த அவர்களுக்குத் துணிவு இல்லை. நிறுத்தினால் அதுவரை கொடுத்தது போகும். அதைவிட, குழந்தை போகும். இந்த மாதிரிச் செலவின் குணமே அதுதான். ஒருமுறை கொடுத்தவன் நடுவில் எழுந்து போக முடியாது.

ஷீபாவுக்குச் சிசேரியன் ஆயிற்று. ஆண் குழந்தை. நாலாம் நாள் காலை பதினொரு மணி இருக்கும். டிஸ்சார்ஜ் ஆகிறவர்களின் கூட்டம். வரிசையில் நிற்காமல், வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்து ஷீபா என் கவுண்டருக்கு வந்தாள். மறுகையில் ஊசிக்குழாய் இன்னும் ஒட்டியிருந்தது.

"அக்கா, எனக்க பேருல இங்க எவ்வளவு ஆயிருக்கு? உள்ளதைச் சொல்லுங்க."

"ஏன் மக்கா? என்ன காரியம்?"

அவள் ஒரு தாளை நீட்டினாள். பிபின் எழுதிக் கொடுத்த கணக்கு. நான் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அவள் பேசினாள்.

"பிள்ளையத் தரமாட்டேன்னு சொல்லிட்டேன் அக்கா. மொதல்ல தாறேன்னு சொன்னது நேருதான். அப்ப எனக்கு வேற வழி தெரியல்ல. இப்ப பால் குடுத்துட்டேன். என்னால முடியாது. அதுக்கு அவன், இவ்வளவையும் எண்ணி வச்சிட்டுப் பிள்ளையத் தூக்கிட்டுப் போ, இல்லாட்டி போலீஸ்ல புடிச்சுக் குடுப்பேன்னு சொல்லுகான். எனக்கு அவன் தந்தது ரெண்டு மாச வாடகையும் ஒரு சாக்கு அரிசியும்தான் அக்கா. இது என்ன கணக்கு?"

அவளுடைய கோப்பு எண்ணைத் தட்டினேன். முதல் நாள் பதிவுக் கட்டணத்திலிருந்து அன்று காலை வரை எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக அச்சுப் போட்டேன். பிபினின் தாளில் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை. ரத்தம் ஏற்றவே இல்லை. சர்க்கரைக்கு ஒரு மாத்திரைகூட எழுதப்படவில்லை. பட்டியலுக்குக் கீழே என் முழுப்பெயரை எழுதி ஒப்பமிட்டு அவள் கையில் கொடுத்தேன்.

"இதுதான் உள்ளது. நீ யாருக்கும் ஒரு பைசா குடுக்க வேண்டாம். போலீஸ்ல உன்னைப் பிடிச்சுக் குடுக்க அவனால முடியாது."

அவள் அதை மடித்துக்கொண்டிருக்கும்போதுதான் ஜெயாவும் ராஜனும் உள்ளே வந்தார்கள். கடைசித் தவணையோடு வந்திருந்தார்கள். ஜெயாவின் கையில் துணிப்பை. வெள்ளைத் துவர்த்துத் துண்டும் ஒரு சின்னத் தொப்பியும் வெளியே தெரிந்தன. ஷீபா எழுந்து நிற்பதைப் பார்த்து அவளுக்குப் பதற்றம்.

"மக்கா, நீ ஏன் எந்திச்சு நடக்கிய? தையல் பிரிஞ்சிரும்" என்று ஓடிவந்து தோளைப் பிடித்தாள்.

ஷீபாவுக்கு அவள் யார் என்று தெரியவில்லை. அத்தனை மாதமும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு அக்கா, அவ்வளவுதான். ஜெயா தன் மணிபர்சிலிருந்து ரசீதுக் கட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். "இந்தப் பிள்ளைக்க பில்லு எல்லாம் நாங்க கெட்டினதாக்கும் அக்கா. பாக்கி எவ்வளவுன்னு சொல்லுங்க."

எல்லாத் தாளிலும் என் கையால் குத்திய சிவப்பு முத்திரை. நான் பார்த்ததையே அவளும் அப்போதுதான் பார்த்தாள்.

"நகல்னு இருக்கே அக்கா. அப்ப அசல் யாருக்க கையில?"

அசல் வள்ளியூர்ப் பக்கம் இன்னொரு தம்பதியிடம் இருந்தது. அவர்களும் அத்தனை மாதமும் இதே ஷீபாவுக்காகப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது போலீஸ் விசாரணையில் தெரிந்தது. ஒரு வயிற்றுக் குழந்தை, இரண்டு வீட்டில் தொட்டில்.

அந்த நேரத்தில் என்னால் அவ்வளவு சொல்ல முடியவில்லை. ஷீபா குழந்தையைத் தரப்போவதில்லை என்பதை மட்டும் சொன்னேன். ராஜன் கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "எங்க பைசா?" என்று ஒரு தடவை கேட்டார். ஜெயா பணத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஷீபாவின் தோளிலிருந்து கையை எடுத்தாள். பிறகு மறுபடி வைத்து, அவளைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தாள். "பையனா?" என்று கேட்டாள். ஷீபா தலையசைத்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். இரண்டு பேரையும் ஏமாற்றினவன் அப்போது எங்கள் கேன்டீனில் சாயா குடித்துக்கொண்டிருந்தான்.

கவுண்டரில் இருந்த தொலைபேசியிலிருந்தே குழந்தைகள் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன். தாணு சார் பக்கத்தில் வந்து நின்றார். "பிள்ளே, ஆஸ்பத்திரிக்க பேரு கெட்டுப்போவும்" என்றார்.

"இப்பமும் கூட்டல் செரியா சார்?" என்று கேட்டேன். முப்பது வருஷத்தில் அவரிடம் நான் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

மதியத்துக்குள் குழந்தைப் பாதுகாப்பு அலுவலர்கள் வந்தார்கள். பிபினைப் போலீஸ் கொண்டுபோயிற்று. ஷீபாவை நாகர்கோவிலில் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு அம்மா அவளிடம், "கொடுக்கணும்னு நீ நினைச்சா அதுக்கும் வழி இருக்கு. வச்சுக்கணும்னு நினைச்சா அதுக்கும் வழி இருக்கு. ரெண்டுக்கும் யாரும் உன்கிட்ட பைசா கேக்கக் கூடாது" என்றார்களாம். இந்த வாக்கியத்தை ஐந்து மாதத்துக்கு முன் ஒருவர் அவளிடம் சொல்லியிருந்தால் போதும். அவள் குழந்தையை வைத்துக்கொண்டாள். மாதாமாதம் ஒரு சிறிய உதவித்தொகைக்கு ஏற்பாடு ஆயிற்று. இப்போதும் முந்திரி உடைக்கிறாள்.

ஜெயாவுக்கு என்ன கிடைத்தது? கேளுங்கள். குழந்தைக்காகப் பணம் கொடுத்தவர்களும் சட்டத்தின் முன் குற்றவாளிகள். வழக்கில் பிபின் முதல் எதிரி. ராஜன் இரண்டாம் எதிரி, ஜெயா மூன்றாம் எதிரி. வள்ளியூர்த் தம்பதி, ரசீதில் தங்கள் பெயர் இல்லை, தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று ஒதுங்கிக்கொண்டார்கள். பிபின் கொஞ்ச நாளில் ஜாமீனில் வந்தான். நல்ல கார் ஒன்று வாங்கியிருக்கிறான். ராஜனுக்கு வழக்கு இருப்பதால் போலீஸ் நற்சான்று கிடைக்கவில்லை. மறுபடி குவைத்துக்குப் போக முடியவில்லை. வட்டக்கோட்டைப் பக்கம் ஒரு லாட்ஜில் குழாய் வேலை பார்க்கிறார். வழக்கு இருக்கிறவர்கள் தத்துக்குப் பதியவும் முடியாது. எந்த வரிசையில் நிற்கப் பயந்து குறுக்கு வழியில் இழுக்கப்பட்டார்களோ, அந்த வரிசையும் போயிற்று. கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட வழியில்லை. கேட்டால், எதற்காகக் கொடுத்தாய் என்ற கேள்வி முதலில் வரும்.

எங்கள் மருத்துவமனையும் தன் பங்குக்கு ஒன்று செய்தது. ஷீபாவின் கணக்கில் முன்பணமாகக் கட்டியதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை ஜெயாவுக்குக் கொடுக்கலாம் என்று எழுதி வைத்தேன். தாணு சார் ரசீதின் நடுவரியில் விரலை வைத்துக்கொண்டு பேசாமல் நின்றார். பணம் செலுத்தியவர் என்ற இடம் காலி. அந்தப் பணம் இன்றும் மருத்துவமனைக் கணக்கில்தான் கிடக்கிறது. போலீசிடம் அவர் சொன்னதும் ஒரே வாக்கியம்தான்: "நகல்ல உள்ள ஒப்பம் எனக்கதுதான். ஆனா நான் பாக்கியது கூட்டல் மட்டுந்தான்." பொய் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாதது.

நான் அரசுத் தரப்பு சாட்சி. ஓய்வு பெற்ற பிறகும் சம்மன் வரும், போவேன், வாய்தா போடுவார்கள், திரும்பி வருவேன். கோர்ட் வராந்தாவில் பிபின், "அக்கா, சுகம்தானா?" என்று கேட்பான். கொஞ்சம் தள்ளி ஜெயாவும் ராஜனும் நிற்பார்கள். ஜெயா என்னிடம் நன்றாகவே பேசுவாள். உதவி எண்ணுக்குக் கூப்பிட்டது நான்தான் என்பதில் அவளுக்கு மனக்குறை இல்லை. "நீங்க இல்லாட்டி அவன் அந்தப் பிள்ளையையும் வித்திருப்பான் அக்கா" என்பாள்.

இந்த வருஷம்தான் என் சாட்சி விசாரணை நடந்தது. பிபினின் வக்கீல் நகல்களை ஒவ்வொன்றாக என்னிடம் காட்டினார்.

"இந்த முத்திரை நீங்கள் குத்தியதுதானே?"

"ஆமாம்."

"பெயரைக் காலியாக விட்டது நீங்கள்தானே?"

"நான்தான்."

"இத்தனை நகல் கொடுத்திருக்கிறீர்கள். ஒரு சந்தேகமும் வரவில்லை. என் கட்சிக்காரர் தப்பாக ஏதாவது செய்திருந்தால் முப்பது வருஷ அனுபவம் உள்ள உங்களுக்குத் தெரிந்திருக்காதா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். டிஸ்சார்ஜ் அன்றுதான் தெரிந்தது என்றாவது சொல்லியிருக்கலாம். அதுவரை எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

"தெரிந்தது" என்றேன். "ஐந்தாம் மாத ஸ்கேன் அன்றைக்கே தெரிந்தது. மேலாளரிடம் சொன்னேன். அதற்குமேல் யாரிடமும் சொல்லவில்லை. பயந்துவிட்டேன்."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். நான் கூண்டிலிருந்து இறங்கி வெளியே வந்தேன். படிக்கட்டில் பின்னால் காலடி கேட்டது. ஜெயா. அவள் முகத்தில் கோபம் இல்லை. ஏதோ கணக்கைச் சரிபார்க்கிறவள் மாதிரி இருந்தாள்.

"ஸ்கேன் அன்னைக்கேயா அக்கா?"

"ஆமா மக்கா."

அவள் விரலை மடக்கி மாதங்களை எண்ணினாள்.

"அதுக்கு மின்ன நாங்க ஒரே ஒரு தடவைதான் குடுத்திருந்தோம்" என்றாள். என்னைக் கடந்து இறங்கிப் போனாள்.